இரைப்பையை அகற்றிய பின் குடல் பாக்டீரியாக்களுக்கு என்ன நேர்கிறது?

குடலில் வாழும் நுண்ணுயிரிகளைப் பற்றித் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு மனத்தில் பதிந்திருக்கும்: பாக்டீரியா வகைகள் எவ்வளவு கூடுதலோ, குடல் அவ்வளவு நலம். உடற்பருமன் உள்ளவர்களிடமும், குடல் அழற்சி நோயாளிகளிடமும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நீண்டகாலம் எடுத்துக்கொண்டவர்களிடமும் இந்த வகைகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருப்பதால், அந்தக் கணக்குக்கு ஏறத்தாழ ஒரு விதியின் மரியாதையே கிடைத்துவிட்டது. அதற்குள் அடங்காத ஒரு முடிவை 2020ஆம் ஆண்டு 'கட்' என்னும் மருத்துவ ஆய்விதழில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அறுவை சிகிச்சையில் இழந்த 50 பேரின் மலத்தையும், அத்தகைய அறுவைக்கு உட்படாத 56 பேரின் மலத்தையும் எடுத்து, அவற்றிலிருந்த நுண்ணுயிர் மரபணுக்களை ஒட்டுமொத்தமாக வரிசைப்படுத்திப் பார்த்தபோது, இரைப்பையை இழந்தவர்களின் குடலில்தான் பாக்டீரியா வகைகள் கூடுதலாக இருந்தன.

அவர்களுடைய குடல் மற்றவர்களுடையதைவிட நலமானது என்று இதற்குப் பொருளில்லை. கூடுதலாகத் தென்பட்டவற்றுள் பல, பல் இடுக்கிலும் நாக்கின் மேற்பரப்பிலும் வாழ்பவை. இன்னும் சில, ஆக்சிஜன் உள்ள இடத்திலும் வளரக்கூடியவை, ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லாத பெருங்குடலில் வழக்கமாகச் சிறிய எண்ணிக்கையில் மட்டுமே இருப்பவை. உள்ளூர்க்காரர்கள் பெருகியதால் அல்ல, வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கிவிட்டதால்தான் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது. இரைப்பையைச் செரிமான உறுப்பாகவே எண்ணிப் பழகிய நமக்கு, அது இல்லாமற்போன பிறகு வெளிப்படும் மாற்றங்கள் அதன் இன்னொரு வேலையைக் காட்டித் தருகின்றன. வாய்க்கும் குடலுக்கும் இடையே அமிலத்தால் ஒரு தடுப்பை நிறுத்திவைத்திருந்ததும் அதே உறுப்புதான். உணவைச் செரிக்கும் வேலையைச் சிறுகுடலும் கணையமும் ஓரளவு ஏற்றுக்கொள்ள முடியும். இந்தத் தடுப்பு வேலையை ஏற்க வேறு உறுப்பு கிடையாது.

இத்தகைய ஆய்வு ஜப்பானில் நடந்ததற்குக் காரணம் உண்டு. உலகில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் பகுதிகளுள் கிழக்கு ஆசியா முதன்மையானது. 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் சுமார் 9,68,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 6,60,000 பேர் இறந்தார்கள். ஆனால் ஜப்பானிலும் தென்கொரியாவிலும், அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கே எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கும் தேசியப் பரிசோதனைத் திட்டங்கள் நடைமுறையில் இருப்பதால், நோய் முதல் கட்டத்திலேயே பிடிபடுகிறது. முதல் கட்டத்தில் பிடிபட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். இரைப்பை இல்லாமல் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும் ஒரு பெரிய கூட்டம் அங்கே உருவாகிவிட்டது. அவர்களுக்குப் புற்றுநோய் திரும்புமா என்பதோடு, இந்த நீண்ட காலத்தில் அவர்களுடைய குடலுக்கு என்ன ஆகிறது என்பதும் அங்குள்ள மருத்துவர்களின் கேள்வியாகிவிட்டது. இந்தியாவில் நிலைமை வேறு. மிசோரமின் ஐசால் மாவட்டத்தில் இந்நோய் நாட்டிலேயே மிகுதியாக இருக்கிறது; சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களைத் தாக்கும் முதன்மையான புற்றுநோய்களுள் ஒன்றாக இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. ஆயினும் பெரும்பாலோர் நோய் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வருவதால், அறுவைக்குப் பின் நெடுநாள் வாழ்பவர்களைப் பற்றிய பேச்சு இங்கே குறைவு.

அமிலம் செய்துவந்த வேலை

இரைப்பையின் சுவரிலுள்ள பக்கச் செல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. வெறும் வயிற்றில் அந்தச் சாற்றின் பி.ஹெச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 1க்கும் 2க்கும் இடையில் இருக்கும். ஒரு மனிதர் ஒரு நாளில் ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரை விழுங்குகிறார். அந்த உமிழ்நீரில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் பத்துக் கோடி அளவில் பாக்டீரியாக்கள் உள்ளன. உணவோடும் தண்ணீரோடும் வருபவை தனி. இத்தனையும் இரைப்பைக்குள் இறங்கியும், வெறும் வயிற்றுச் சாற்றில் உயிரோடு எஞ்சுபவை மில்லிலிட்டருக்கு ஆயிரத்துக்கும் குறைவே. சிறுகுடலின் மேற்பகுதியிலும் எண்ணிக்கை இதே அளவில்தான் இருக்கும், அல்லது சற்றுக் கூடும். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வரும்போது அது கோடிக்கணக்காகிறது. பெருங்குடலில் மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் கோடியைத் தொடுகிறது. மேலே அரிதாகவும் கீழே அடர்த்தியாகவும் அமைந்த இந்தப் படிநிலை தற்செயலானதல்ல. சத்துகளை உறிஞ்சும் வேலை மேலே, சிறுகுடலில் நடக்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் பெருகினால் அவை உடலோடு உணவுக்குப் போட்டியிடத் தொடங்கிவிடும்.

இந்த அமிலத்திலும் பிழைத்து வாழக் கற்ற ஒரே பெரிய விதிவிலக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி. யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றி மட்டும் அமிலத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும் இந்தப் பாக்டீரியாவை 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நமது பேச்சுக்கு இதில் முக்கியமானது வேறொன்று. பல ஆண்டுகள் நீடிக்கும் இந்தத் தொற்று இரைப்பையின் உட்சவ்வை மெல்ல மெல்லத் தேயவைக்கிறது. அமிலம் சுரக்கும் செல்கள் குறைகின்றன. அமிலம் குறைந்த இரைப்பையில் ஹெலிகோபேக்டர் தானே அருகிப்போய், வாயிலிருந்து வரும் பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எனவே, புற்றுநோய் கண்டறியப்படும் நாளிலேயே பலருடைய அமிலத் தடுப்பு பாதி தளர்ந்திருக்கும். அறுவை சிகிச்சை அதை ஒரே நாளில் பெரிதும், முழு இரைப்பையும் போனால் முற்றாகவும் நீக்குகிறது. அறுவைக்குப் பின் காணும் மாற்றங்களில் எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு கத்தியால் வந்தது என்று பிரித்துச் சொல்வதில் உள்ள சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

எப்படி வெட்டி, எப்படி இணைக்கிறார்கள்

இரைப்பைப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையின் வரலாறு 1881 ஜனவரி 29ஆம் தேதி வியன்னாவில் தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பிரான்சிலும் போலந்திலும் நடந்த முயற்சிகளில் நோயாளிகள் பிழைக்கவில்லை. அன்று வியன்னாவில் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத் இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதை நேரடியாக முன்சிறுகுடலோடு தைத்தார். நோயாளி அறுவையிலிருந்து பிழைத்தெழுந்தார், ஆனால் பரவியிருந்த புற்றுநோயால் சில மாதங்களில் இறந்தார். அந்த முறை இன்றும் பில்ரோத் ஒன்று என்றே வழங்குகிறது. 1885இல் அவர் கையாண்ட இரண்டாவது முறையில், முன்சிறுகுடலின் வாய் மூடப்பட்டு, இரைப்பையின் எஞ்சிய பகுதி நடுச்சிறுகுடலின் பக்கவாட்டில் இணைக்கப்படுகிறது. பின்னர் சுவிட்சர்லாந்தின் செசார் ரூ, நடுச்சிறுகுடலைத் துண்டித்து ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் மறுபடி இணைக்கும் முறையை வகுத்தார். முழு இரைப்பையையும் எடுத்தவர்களுக்கு உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைக்க இன்று பெரிதும் பின்பற்றப்படுவது இந்த ரூ முறையே. முழு இரைப்பையை எடுத்தும் ஒருவர் உயிர்வாழ முடியும் என்பதை 1897இல் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் காட்டினார்.

இந்த இணைப்பு வேறுபாடுகள் அறுவை மருத்துவர்களின் தனிப்பட்ட கவலை என்று தோன்றலாம். பாக்டீரியாக்களின் பார்வையில் அப்படியல்ல. பில்ரோத் இரண்டிலும் ரூ முறையிலும் குடலின் ஒரு பகுதி, உணவு செல்லாத, பித்தநீரும் கணையநீரும் மட்டும் வடியும் கிளையாக ஒதுங்கிவிடுகிறது. ஓட்டம் குறைந்த இத்தகைய கிளையில் பாக்டீரியாக்கள் தேங்கிப் பெருகுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே 'குருட்டு வளைய நோய்க்குறி' என்ற பெயரில் அறிந்திருந்தார்கள். அது மட்டுமல்ல. சாப்பிடாத நேரத்தில் ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசிவரை செல்லும் ஒரு பலமான சுருக்க அலை உண்டு. மிச்சம் மீதிகளையும் பாக்டீரியாக்களையும் கீழ்நோக்கித் துடைத்துச் செல்வது அதன் வேலை. இரைப்பை இல்லாதபோது அந்த அலை தொடங்குமிடங்களுள் ஒன்று போய்விடுகிறது. நடுச்சிறுகுடலைத் துண்டிப்பதால் முன்சிறுகுடலிலிருந்து வரும் மின்தூண்டலும் தடைப்படுகிறது. நிணநீர் முடிச்சுகளை அகற்றும்போது இரைப்பையையும் குடலையும் இயக்க உதவும் வேகஸ் நரம்பின் கிளைகளும் பெரும்பாலும் வெட்டுப்படுகின்றன. அமிலம் போனதைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தத் துடைப்பு நின்றுபோனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் கணிப்பில் இரண்டுக்கும் சமமான பங்கு உண்டு.

குடலில் கண்டது என்ன

ஜப்பானிய ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களிடம் மிகுந்திருந்தவற்றுள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வெயிலோனெல்லா, என்டெரோகாக்கஸ், எஷெரிக்கியா, கிளெப்சியெல்லா ஆகிய பேரினங்கள் குறிப்பிடத்தக்கவை. முதல் இரண்டும் சேர்ந்து தோன்றுவதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சர்க்கரையைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலத்தை வெளியிடும்; வெயிலோனெல்லாவால் சர்க்கரையை உண்ண முடியாது, அந்த லாக்டிக் அமிலத்தை உண்டே வாழும். பல்லின் மேல் படியும் படலத்தில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பவை. இரைப்பை இல்லாதவரின் குடலுக்குள் அவை ஒரே குடும்பமாகக் குடிபெயர்ந்ததைப்போல் வந்து சேர்கின்றன. மற்ற மூன்றும் ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரக்கூடியவை. உணவுக்குழாயிலிருந்து நேரே சிறுகுடலுக்குள் இறங்கும் உணவோடு விழுங்கப்பட்ட காற்றும் கூடவே செல்வதால், குடலின் உட்சூழலில் ஆக்சிஜன் சற்றுக் கூடியிருக்கக்கூடும் என்பது ஏற்கத்தக்க ஊகம்.

இதே திசையைக் காட்டும் வேறு சான்றுகளும் உண்டு. தைவானில் ஆறு நோயாளிகளிடம் அறுவைக்கு முன்னும் பின்னும் இரைப்பையையே ஆராய்ந்து 2016இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், முன்பு மேலோங்கியிருந்த ஹெலிகோபேக்டர் போய், எஞ்சிய இரைப்பைத் துண்டில் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் பிரிவோடெல்லாவும் மேலோங்கின. ஆறு பேரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆயினும் ஒரே மனிதரை முன்னும் பின்னும் பார்த்தது அதன் பலம்.

அறுவையே இல்லாமல் அமிலம் மட்டும் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை இன்னும் பெரிய எண்ணிக்கையில் கிடைத்திருக்கிறது. நம் ஊரில் 'கேஸ் மாத்திரை' என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மருந்துகள் அமிலச் சுரப்பைத் தடுப்பவை. 2016இல் நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் தனித்தனியாக வெளியான இரு ஆய்வுகள், இம்மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களின் மலத்திலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய வாய்ப் பாக்டீரியாக்கள் மிகுந்திருப்பதைக் காட்டின. பிரிட்டன் ஆய்வு இரட்டையர்களைக் கொண்டு செய்யப்பட்டது. புற்றுநோயும் இல்லை, கத்தியும் இல்லை, ஆனாலும் மாற்றம் அதே திசையில் என்றால், அமிலத்தின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் இந்த மருந்துகளை உண்பவர்களுக்கு எடையோ இரத்தத்தின் பி12 அளவோ இரைப்பை இழந்தவர்களுக்குக் குறைவதைப்போல் குறைவதில்லை. அமிலத்தைத் தாண்டியும் இரைப்பை செய்துவந்தவை பல உண்டு என்பதற்கு இதுவே போதும்.

எடை குறைப்பதற்காகச் செய்யப்படும் இரைப்பை மாற்றுவழி அறுவையும் ரூ முறையின் இணைப்பையே பயன்படுத்துகிறது. அதைச் செய்துகொண்டவர்களின் குடலிலும் எஷெரிக்கியா, கிளெப்சியெல்லா ஆகியவற்றை உள்ளடக்கிய காமாபுரோட்டியோபாக்டீரியா வகுப்பு பெருகுவது 2009லேயே தெரியவந்தது. 2013இல், அத்தகைய அறுவைக்குட்பட்ட எலிகளின் குடல் நுண்ணுயிரிகளை நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு மாற்றியபோது, கத்தி படாத அந்த எலிகளும் எடை இழந்தன. பருமனானவருக்கு இது நற்செய்தி. முழு இரைப்பையையும் இழந்து, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்கெனவே குறைந்து நிற்கும் புற்றுநோயாளிக்கு அதே பாக்டீரியாக்கள் அதே வேலையைச் செய்தால் அது நற்செய்தி அல்ல. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான். ஆனால் அறுவைக்குப் பின்னான எடைக் குறைவு முழுவதையும் 'சாப்பிட முடியவில்லை' என்ற ஒற்றைக் காரணத்தில் கட்டிவைப்பதும் சரியில்லை.

பி12ம் வேலூரும்

இரைப்பை அறுவைக்குப் பின் வரும் குறைபாடுகளில் மிகவும் அறியப்பட்டது வைட்டமின் பி12 குறைவு. அமிலம் சுரக்கும் அதே பக்கச் செல்கள்தான் உள்ளார்ந்த காரணி எனப்படும் புரதத்தையும் சுரக்கின்றன. அந்தப் புரதத்தோடு சேர்ந்தால்தான் பி12ஐச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சும். கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு உள்ளதால், குறைபாடு உடனே தெரியாது. மூன்றாம் நான்காம் ஆண்டில் களைப்பும், இரத்தசோகையும், கால் விரல்களில் மரத்துப்போதலும் மெல்லத் தலைகாட்டும். இதில் பாக்டீரியாக்களுக்கும் இடம் உண்டு, அதுவும் இரு பக்கமாக.

சிறுகுடலில் பெருகும் பல பாக்டீரியாக்கள் பி12ஐத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. அதை உடலுக்குப் பயன்படாத ஒத்த சேர்மங்களாகவும் மாற்றிவிடுகின்றன. அதே பாக்டீரியாக்களில் பல, இன்னொரு பி வைட்டமினான ஃபோலேட்டை உற்பத்தி செய்து வெளிவிடுகின்றன. எனவே பி12 குறைந்து, ஃபோலேட் மட்டும் இயல்பாகவோ உயர்ந்தோ இருக்கும் இரத்தப் பரிசோதனை முடிவு, சிறுகுடலில் பாக்டீரியாப் பெருக்கம் இருக்கக்கூடும் என்பதை அனுபவமுள்ள மருத்துவருக்கு உணர்த்தும்.

மறுபக்கத்தைக் காட்டியவர்கள் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர். வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் உறிஞ்சல் நோயை ஆராய்ந்த செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் முதலியோரின் குழு, அந்நோய் இல்லாத தென்னிந்தியர்களின் சிறுகுடலின் மேற்பகுதியில்கூட, மேற்கத்திய நூல்கள் இயல்பு என்று குறித்ததைவிடக் கூடுதலாகப் பாக்டீரியாக்கள் இருப்பதை 1970களில் பதிவு செய்தது. 1980இல் அவர்கள் இன்னொரு படி சென்று, நலமானவர்களின் சிறுகுடலில் வாழும் சில சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா வகைகள் கணிசமான அளவில் பி12ஐ உற்பத்தி செய்வதைக் காட்டினார்கள். இறைச்சியோ பாலோ மிகக் குறைவாக உண்பவர்களில் பலர் கடுமையான குறைபாடு இல்லாமல் வாழ்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சிந்தனை அதிலிருந்து எழுந்தது. இரைப்பை அறுவைக்குப் பின் குடலில் பெருகும் அதே கிளெப்சியெல்லா பேரினம் அங்கே பயன் தருவதாகப் பேசப்படுவது கவனிக்கத்தக்கது. ஆனால் முழு இரைப்பையும் போனவருக்கு அந்த உற்பத்தியால் பெரிய பயன் கிடைக்காது. குடலுக்குள்ளேயே பி12 உருவானாலும், அதை உள்ளே எடுத்துச்செல்லும் உள்ளார்ந்த காரணி இல்லை. அது இல்லாமல் உறிஞ்சப்படுவது நூற்றில் ஒரு பங்களவே. ஊசியோ, மிக அதிக அளவிலான மாத்திரையோ வாழ்நாள் முழுதும் தேவைப்படுவது இதனால்தான். ஒரு பாக்டீரியாவை நல்லது, கெட்டது என்று பெயரைப் பார்த்து ஒட்டிவிடும் பழக்கம் எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சிறுகுடல் பாக்டீரியாப் பெருக்கத்தின் மற்ற அறிகுறிகள் உப்புசம், வாயு, பேதி, எடைக் குறைவு ஆகியவை. சிக்கல் என்னவென்றால், உணவு மிக விரைவாகச் சிறுகுடலுக்குள் கொட்டப்படுவதால் வரும் டம்பிங் என்னும் கோளாறும், கணைய நொதிகள் உணவோடு சரியான நேரத்தில் கலக்காததால் வரும் கொழுப்புச் செரியாமையும் ஏறத்தாழ இதே முகத்தோடு வருகின்றன. மூச்சில் வெளிவரும் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனையும் இவர்களிடம் எளிதில் ஏமாற்றிவிடும். குடித்த குளுக்கோஸ் கரைசல் சிறுகுடலைச் சட்டென்று கடந்து பெருங்குடலை எட்டிவிட்டால், அங்குள்ள பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹைட்ரஜனையே சிறுகுடலின் கணக்கில் எழுத நேரிடும். அதனால் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்து நுண்ணுயிர்க்கொல்லி எழுதாமல், உண்ட எத்தனை நிமிடத்தில் தொந்தரவு தொடங்குகிறது, மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா என்றெல்லாம் கேட்டறியும் மருத்துவர் கிடைப்பது நோயாளிக்கு நல்லது.

பித்த அமிலமும் பெருங்குடலும்

ஜப்பானிய ஆய்வாளர்கள் பாக்டீரியாக்களோடு நிற்காமல், மலத்திலிருந்த வேதிப்பொருள்களையும் அளந்தார்கள். அதில் அவர்கள் கவலையோடு சுட்டியது டீஆக்ஸிகோலிக் அமிலம். கல்லீரல் உண்டாக்கும் பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் முடிவில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. தப்பிப் பெருங்குடலுக்குள் நுழையும் மிச்சத்தை அங்குள்ள சில பாக்டீரியாக்கள் வேதிமாற்றம் செய்து டீஆக்ஸிகோலிக் அமிலமாக்குகின்றன. செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தக்கூடிய இந்த அமிலம், அறுவை செய்துகொண்டவர்களின் மலத்தில் கூடுதலாக இருந்தது. புரதங்களின் கட்டுமானப் பொருள்களுள் ஒரு வகையான கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களின் அளவும் இரு குழுக்களிடையே வேறுபட்டது. அதோடு, பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம், அட்டோபோபியம் பார்வுலம் ஆகிய இரண்டு பாக்டீரியாக்களும் அவர்களிடம் மிகுந்திருந்தன.

இவ்விரண்டும் வாயிலிருந்து வருபவை. ஃபியூசோபாக்டீரியம் பெருங்குடல் புற்றுக்கட்டிகளுக்குள் மிகுந்திருப்பதை 2012இல் வட அமெரிக்காவின் இரு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. பெருங்குடலைக் குழாய்க் கருவியால் உள்ளிருந்து பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்துகொண்ட 616 பேரை ஆராய்ந்து 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், அட்டோபோபியம் பார்வுலம் மிக ஆரம்பக் கட்டத்திலேயே உயர்வதும், ஃபியூசோபாக்டீரியம் நோய் முன்னேற முன்னேறக் கூடுவதும் தெரியவந்திருந்தன. இரைப்பை இழந்தவர்களின் குடலில் அவற்றைக் கண்டபோது ஆய்வாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் இதிலிருந்து 'இரைப்பை அறுவை பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்குகிறது' என்ற தலைப்புக்குத் தாவுவது பிழை. அந்த ஆய்வு ஒரே ஒரு நேரத்தில் எடுத்த மலத்தை மட்டுமே பார்த்தது. அதே மனிதர்களின் குடல் அறுவைக்கு முன் எப்படி இருந்தது என்பது அதில் இல்லை. புகையும் மதுவும் இரு புற்றுநோய்களுக்கும் ஓரளவு பொதுவான பின்னணி. அறுவையின்போது கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளும், பிறகு பலருக்குத் தரப்படும் கீமோதெரபியும் குடல் நுண்ணுயிரிகளைத் தம் பங்குக்குக் கலைத்துப்போடுபவை. இரைப்பை அறுவைக்குப் பின் பெருங்குடல் புற்றுநோய் கூடுகிறதா என்று மக்கள்தொகை அளவில் பார்த்த ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை. இப்போதைக்கு நியாயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: இவர்களுடைய வயதுக்கும் குடும்ப வரலாற்றுக்கும் ஏற்ற கொலனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்வதற்கு இந்த முடிவுகள் கூடுதல் காரணம் தருகின்றன.

எஞ்சிய இரைப்பைத் துண்டைப் பற்றிய கவலை இதைவிடப் பழையது, உறுதியானதும்கூட. அமிலம் குறைந்த துண்டில், உணவிலும் உமிழ்நீரிலுமுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகி, அதிலிருந்து புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரசோ சேர்மங்கள் உருவாகலாம் என்ற கருத்தை நோயியல் ஆய்வாளர் பெலாயோ கொரியா 1975லேயே முன்வைத்தார். பில்ரோத் இரண்டு முறையில் பித்தநீர் மேல்நோக்கி ஏறிவந்து துண்டை அரிப்பதும் சேர்ந்துகொள்ளும். பகுதி இரைப்பையை எடுத்தவர்களுக்கு ஆண்டுகள் பல கடந்த பின்னும் எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பது அதனால்தான்.

எதைச் செய்யலாம்

இங்கே தயிரைப் பற்றியும் புரோபயாட்டிக் மாத்திரைகளைப் பற்றியும் கேள்வி வரும். அறுவையை ஒட்டிய நாட்களில் இவற்றைக் கொடுத்துப் பார்த்த சிறு சோதனைகளில், குடல் அசைவு சற்று முன்னதாகத் திரும்பியது போன்ற பயன்கள் பதிவாகியுள்ளன. ஆனால் அறுவைக்குப் பின்னான ஆண்டுகளில் குடல் நுண்ணுயிரிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதனால் நோயாளியின் உடல்நிலையும் தேறியது என்று காட்டும் வலுவான சான்று இல்லை. தடுப்பே இல்லாத குடலுக்குள் இன்னும் சில வகைகளைச் சேர்ப்பதால் தடுப்பு திரும்பிவிடாது. தயிர் ஒத்துக்கொள்பவர்கள் உணவாகச் சாப்பிடுவதில் தடையில்லை. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது உயிருள்ள பாக்டீரியா மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

தண்ணீரும் உணவும் சுத்தமாக இருப்பது இதைவிட முக்கியம். அமிலம் இருந்தால் இலட்சக்கணக்கில் விழுங்கினாலும் செத்துப்போகும் காலராக் கிருமியும் சால்மோனெல்லாவும், அமிலம் இல்லாதவரிடம் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே நோயை உண்டாக்கிவிடும். 1970இல் ஜெருசலேமில் காலரா பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களில் முன்பே இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட மிகுதியாக இருந்தது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. இரைப்பை இல்லாத ஒருவருக்குக் கொதிக்க வைத்த தண்ணீரும், அன்றன்று சமைத்த சூடான உணவும் வெறும் பத்தியமல்ல. போன தடுப்பின் ஒரு பகுதியை அடுப்பிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணச் சொல்வதும், இரும்புச்சத்து, பி12 அளவுகளை ஆண்டுதோறும் பார்க்கச் சொல்வதும் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்பவை. அவற்றைப் பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை.

அதிகம் பேசப்படாதது வாய். குடலில் புதிதாகக் குடியேறுபவை வாயிலிருந்து வருகின்றன என்றால், ஈறு நோயும் சொத்தைப் பல்லும் இனி வாயோடு முடியும் விவகாரமல்ல. அங்கே எது பெருகுகிறதோ அதுதான் தடையில்லாமல் கீழே இறங்கும். ஜப்பானில் புற்றுநோய் அறுவைக்கு முன்னும் பின்னும் பல் மருத்துவரிடம் அனுப்பி வாயைச் சுத்தம் செய்யும் நடைமுறைக்கு 2012 முதல் தேசியக் காப்பீடு பணம் தருகிறது. அறுவைக்குப் பின் வரும் நிமோனியாவையும் பிற சிக்கல்களையும் குறைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட திட்டம் அது. குடல் நுண்ணுயிரிகள் அன்று யார் கணக்கிலும் இல்லை. அந்தப் பராமரிப்பைப் பெற்றவர்களின் மலத்தையும் பெறாதவர்களின் மலத்தையும் அறுவைக்கு முன்னும், பின்னர் ஓராண்டு, ஐந்தாண்டு என்றும் எடுத்து ஒப்பிட்டால், வாயிலிருந்து குடலுக்கான இந்தப் போக்கைப் பல் துலக்கும் தூரிகையால் எவ்வளவு கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு நேரான விடை கிடைத்துவிடும்.